லேப் அக்காவின் மேல் நான் எழுதிய புகார்

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவுக்கு ஆசிட் வண்டி வந்தது. மொபெட்டின் பின்னால் நீலக் கேன்களைக் கட்டிக்கொண்டு, "ஆசிட், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று பதிவு செய்த குரலை அலறவிட்டபடி செவ்வாய்க்கிழமைதோறும் வருகிறவர்தான். எதிர்வீட்டு சரோஜா, பிள்ளைகள் குடித்துப் போட்ட கூல்டிரிங்ஸ் பாட்டிலைக் கழுவிக்கொண்டு வந்து நீட்டினாள். அவர் கேனின் மூடியைத் திருகியதும் அந்த நெடி மூக்கில் ஏறியது. உங்கள் புடவை முந்தானையில் எப்போதும் லேசாக இருந்த நெடி.

"அந்தப் பாட்டில்ல ஊத்தாதீங்கண்ணா. சின்னப் பசங்க இருக்கற வூடு" என்றேன்.

"வந்துட்டாங்கபா, காலேஜு புரொபசரு" என்றாள் சரோஜா. "எட்டாவது படிச்சதுக்கே இம்மாம் ரூல்ஸு. இன்னும் ரெண்டு கிளாஸு படிச்சிருந்தா எங்களைத் தெருவுலயே வுட்டிருக்க மாட்டாங்க."

வண்டிக்காரரும் சிரித்தார். ஆனாலும் சரோஜா உள்ளே போய்ப் பழைய ஆசிட் கேனை எடுத்து வந்தாள். வண்டி போன பிறகும் நெடி போகவில்லை. காலையில் அம்பாள் படத்துக்குப் பூ வைத்துவிட்டு வழக்கமாகப் படிக்கும் பாராயணம் இன்று ஓடவில்லை. இந்த மார்கழி வந்தால் நீங்கள் போய் இரண்டு வருடம். உங்களுக்கு எழுத வேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் செவிலிமேட்டில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தீர்கள். கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். பத்தொன்பது வருடமாக அதே ஆய்வகம். மாணவிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் லேப் அக்கா. என் மகள் ஹேமா அங்கே பி.எஸ்ஸி. சேர்ந்ததும் எனக்கும் அப்படியே ஆகிவிட்டீர்கள். உங்கள் முழுப்பெயரை நான் முதன்முதலாக எழுதியது உங்கள் மேல் புகார் எழுதிய அன்றுதான்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. என் பக்கத்தில் அது எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

முதல் ஆய்வக நாளன்று ஹேமா வீட்டுக்கு வந்து இடுப்பில் கைவைத்து உங்களைப் போலவே நின்று பேசிக்காட்டினாள். "பூ வெச்சிக்கினு வந்தியா? எடு. கொலுசா? கழட்டு. துப்பட்டாவை மடிச்சிப் பையில வையி. பின்னலைத் தூக்கிக் கொண்டை போடு. நெருப்புக்கு நீ யாரு வூட்டுப் பொண்ணுன்னு தெரியாது." எனக்குச் சிரிப்பாக இருந்தது. பூவை என்ன செய்தார்கள் என்று கேட்டேன். நீங்கள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் நனைத்த கைக்குட்டையை விரித்து, எல்லாப் பெண்களின் பூவையும் அதில் வைத்து, ஒவ்வொன்றிலும் ரோல் நம்பர் எழுதிய சீட்டைச் செருகிவிடுவீர்களாம். "காலையில இருந்ததை விட சாயங்காலம் ஃப்ரெஷ்ஷா இருக்குதும்மா" என்றாள். சாமிக்கு வைத்து எடுத்த பூவாயிற்றே என்று அதுவரை எனக்கு இருந்த குறுகுறுப்பு அதைக் கேட்டதும் போய்விட்டது.

செவ்வாய், வெள்ளிகளில் நான் காமாட்சி கோயிலுக்குப் போகும் டவுன் பஸ்ஸில்தான் நீங்களும் கல்லூரிக்குப் போவீர்கள். முதல் நாள் நீங்களாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள்.

"ஹேமாவோட அம்மா தான நீங்க? உங்க பொண்ணுக்கு வூட்ல ஸ்டிரா போட்டு எதுவும் குடுக்காதீங்கமா."

"ஏங்க?"

"பிப்பெட்டுன்னு அளந்து உறியற கண்ணாடிக் குழாயி, அதைப் பாத்தா வாய் வெச்சி உறியுது. ரப்பர் பல்பு குடுத்தா ஓரமா வெச்சிட்டு மறுபடியும் வாயைக் கொண்டுபோவுது. இளநீருன்னு நெனச்சிக்கினு இருக்குது."

நான் சிரித்த சிரிப்பில் முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து அந்தப் பஸ்ஸை நான் தவறவிட்டதில்லை. ஹேமாவின் புத்தகங்களை அவள் தூங்கிய பிறகு எழுத்துக்கூட்டிப் படித்து, புரியாததைக் குறித்துக்கொண்டு வந்து உங்களிடம் கேட்பேன். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக்கூடாது என்கிறார்களே, ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஏன்னு சாரு சொல்லுவாரு. எப்படின்னு தான் நான் சொல்லுவேன்" என்றீர்கள். பிறகு சொல்லவும் செய்தீர்கள். நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்றும், அதனால்தான் பருத்தி உடுத்தி வரச் சொல்கிறீர்கள் என்றும் சொன்னபோது, எங்கள் வீட்டில் பட்டு அசலா என்று பார்க்க ஒரு இழையை உருவிக் கொளுத்துவோம், முடி கருகிய வாசனை வந்து தானாகவே அணைந்துவிடும் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "அதுக்குன்னு பொண்ணுக்குக் கல்யாணப் புடவையைக் கட்டி அனுப்பிடாதீங்கமா" என்றீர்கள்.

உங்கள் கைப்பையில் ஒரு நோட்டு இருந்தது. அதன் அட்டையில் "நடக்காமல் போனது" என்று எழுதியிருந்தீர்கள். உடைந்ததற்கும் சிந்தியதற்கும் துறையில் பதிவேடு இருக்கிறது, நடக்க இருந்து தப்பியதை யார் எழுதுகிறார்கள் என்றீர்கள். பஸ் குலுங்கலில் அதை எனக்குக் காட்டினீர்கள். ஸ்டூலின் மேல் வைத்திருந்த பாட்டிலை ஒரு பெண் முழங்கையால் இடிக்கப் பார்த்தாள். பாட்டில் கீழ் அடுக்குக்கு மாற்றியாயிற்று. கேஸ் குழாயில் வெடிப்பு, மாற்றியாயிற்று. பெயர் ஒன்றுகூட இல்லை. என்ன நடக்க இருந்தது, இனி என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். என் வீட்டு நோட்டைப் பற்றி நானும் சொன்னேன்: சிலிண்டர் எந்தத் தேதியில் மாட்டினோம், அரிசி மூட்டை எத்தனை நாள் வந்தது, யாருக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு. "உங்க நோட்டும் என் நோட்டும் அக்கா தங்கச்சிமா" என்றீர்கள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அதிரசம் கொண்டு வந்து கொடுத்தீர்கள். "கேக்குல முட்டை இருக்கும்னு உங்களுக்குத் தனியா இது சுட்டேன்மா." வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதை யாருக்கும் எடுத்து வைக்கவில்லை. மூன்று நாள் கழித்துக் குப்பை வண்டியில் போட்டேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால், பின்னால் செய்தது திடீரென்று வந்த கோபத்தில் செய்ததுபோல ஆகிவிடும். அது திடீரென்று வந்ததில்லை அக்கா.

இரண்டாம் வருடம் தொடங்குவதற்கு முன், வெயில் காலத்தில் ஹேமாவுக்கு அம்மை போட்டது. காய்ச்சலில் பிதற்றினாள். இறங்கி நல்லபடியாக எழுந்தால் ஆடியில் காப்புக் கட்டிப் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று தெருக்கோயில் அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். எழுந்தாள். ஆடியில் பூசாரி அவள் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைச் சுற்றி, மஞ்சள் துண்டு முடிந்த நுனியை ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கவிட்டார். அப்படித் தொங்குவதுதான் வழக்கம். பால்குடம் முடியும்வரை அது கையை விட்டு இறங்கக்கூடாது. நடுவில் இறங்கினால் யாருக்காக வேண்டினோமோ அவர்களுக்கே ஆகாது என்று கேட்டே வளர்ந்தவள் நான்.

மூன்றாம் நாள் ஹேமா வெறும் கையோடு வீட்டுக்கு வந்தாள்.

"எங்கடி காப்பு?"

"லேப்ல தொங்கற கயிறு கூடாதாம்மா. லேப் அக்கா அறுத்துட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். முகத்தை என் பக்கம் திருப்பாமல் குளிக்கப் போய்விட்டாள். அவள் முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் மறையாமல் இருந்த நேரம். பூசாரியிடம் ஓடினேன். அவர் வேறு காப்பைக் கட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, "அம்மா பெத்தவமா, கோச்சிக்க மாட்டா. போய்த் தூங்கு" என்றார். அவருக்கு இருந்த சமாதானம் எனக்கு வரவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாப்பில் உங்களை வழிமறித்தேன்.

"காப்பை அறுத்தீங்களா?"

"அறுத்தேன்மா."

"எதுக்கு?"

"அறுக்க வேண்டியதா ஆயிடுச்சி."

"பூவைக் கூட பத்திரமா எடுத்து வைப்பீங்களே. சாமி கயிறுன்னா மட்டும் கத்தரியா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேக்கற நேரம் இல்லம்மா அது."

உங்கள் வலது கையில் இரண்டு விரலுக்குத் துணி சுற்றியிருந்தது. பார்த்தேன். அடுப்பில் சுட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பஸ் வந்தது. நீங்கள் ஏறினீர்கள். நான் வீட்டுக்குத் திரும்பி முதல்வருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அன்று இரண்டு முறை எழுதிப் பார்த்து, மூன்றாவதைப் பிழையில்லாமல் படி எடுத்து, ஒரு நகலை வீட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். அந்த நகல் இன்னும் இருக்கிறது. அதில் ஒரு வரி: "வேறு மதத்தைச் சேர்ந்த இந்த ஊழியர் எங்கள் வேண்டுதலை வேண்டுமென்றே அவமதித்துள்ளார்." சிலிண்டர் தேதியைக் கூட ரசீது பார்க்காமல் எழுதாத நான், "வேண்டுமென்றே" என்ற சொல்லை எதைப் பார்த்து எழுதினேன்? உங்கள் மதத்தை எதற்காக எழுதினேன்? அப்படி எழுதினால்தான் படிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் உண்மை.

படித்தார்கள். ஒரே வாரத்தில் உங்களை ஆய்வகத்திலிருந்து எடுத்துப் பழைய விடைத்தாள்கள் அடுக்கி வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். விசாரணையில் என்ன சொன்னீர்கள் என்று ஹேமாவிடம் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலியாம்மா. அறுத்தேன்னு மட்டும் சொன்னாங்களாம்" என்றாள். சொல்ல ஒன்றுமில்லை, அதனால் சொல்லவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு நீங்கள் முன்னால் போகும் பஸ்ஸுக்கு மாறிவிட்டீர்கள். ஐப்பசியில் ஒருநாள் மளிகைக் கடை வாசலில் எதிரே வந்தீர்கள். இளைத்திருந்தீர்கள். "பொண்ணு நல்லாப் படிக்குதாமா?" என்று கேட்டீர்கள். "ம்" என்றேன். தராசைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

கார்த்திகையில் முதல் வருடப் பெண் ஒருத்தி, பெயர்ச்சீட்டு ஒட்டாத பாட்டிலிலிருந்து கெட்டி ஆசிட்டைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சிவிட்டாள். உதடும் நாக்கும் வெந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரப்பர் பல்புகள் எங்கே இருக்கின்றன என்றே புதிதாக வந்தவருக்குத் தெரியவில்லையாம். ஹேமா இதைச் சொல்லிவிட்டு, "லேப் அக்கா இருந்திருந்தா" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். நான் அவளுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

மார்கழியில் பால் பூத்தில்தான் கேள்விப்பட்டேன். சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து போய்விட்டீர்களாம். அடக்கமும் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்தபோது ஹேமா வாசலில் கோலத்துக்குக் கலர் போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். கலர்ப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். அந்த அழுகை துக்கத்தை விடப் பெரிதாக இருந்தது.

"அம்மா, நான் உன்கிட்ட முழுசா சொல்லல."

"என்னத்தை?"

"காப்பை அவங்களா அறுக்கலம்மா. அது பத்திக்கிச்சி."

ஸ்பிரிட்டைப் பீக்கரில் ஊற்றும்போது கயிற்றின் நுனி அதில் நனைந்திருக்கிறது. பக்கத்து மேசையில் பர்னர் எரிந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் எடுக்கும்போது சுற்றிலும் நெருப்பை அணைத்திருக்க வேண்டும், இவள் பார்க்கவில்லை. எதையோ எடுக்கக் கையை நீட்டியதும் கயிறு பற்றிக்கொண்டது. நீங்கள் ஓடி வந்து வெறும் விரலால் நெருப்பை நசுக்கிக்கொண்டே மறு கையால் மணிக்கட்டோடு கத்தரித்து எறிந்தீர்களாம். ஹேமாவின் கையில் ஒரு கொப்புளம் கூட இல்லை.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா காலேஜையே நிறுத்திடுவாங்கன்னு அக்கா கால்ல வுழாத குறையா கெஞ்சினேன்மா. எச்.ஓ.டி.க்குத் தெரிஞ்சா லேப்புக்கே வுடமாட்டாரு. 'சரி, நான் வாயைத் தொறக்கல'ன்னாங்க. நீ லெட்டர் குடுத்தப்புறம் நானே போயி, சொல்லிடறேன்க்கான்னு சொன்னேன். 'பரீட்சை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம் போ'ன்னாங்க."

அவளை நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்கு நாற்பத்து நான்கு. பஸ் ஸ்டாப்பில் அந்த இரண்டு விரலைப் பார்த்தவள் நான்.

ஐயம்பேட்டையில் உங்கள் தங்கை வீட்டைத் தேடிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனேன். நான் யார் என்று சொன்னதும் அவர் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். குடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட கேட்டு இன்னாமா ஆவப் போவுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். நீங்கள் வைத்திருந்த நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். துணிப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

கடைசியாக எழுதியிருந்த பக்கம் இது. "கையில் கட்டிய மஞ்சள் கயிறு ஸ்பிரிட்டில் நனைந்து பற்றிக்கொண்டது. கை தப்பியது. பிள்ளை பயந்துவிட்டது. அறுத்தது தப்பு. இனி ஆடி மாதத்தில் லேப் வாசலிலேயே எல்லார் கையையும் பார்க்க வேண்டும். கயிற்றை முழங்கைப் பக்கம் ஏற்றி, நுனியையும் சேர்த்து ரப்பர் போட்டு, மேலே கோட் கையை இறக்கிவிட வேண்டும். அறுக்கக் கூடாது. அது அவர்கள் சாமி."

அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருந்தன. விடைத்தாள் அறையில் நடக்காமல் போவதற்கு என்ன இருக்கிறது?

தை பிறந்ததும் கல்லூரிக்குப் போனேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், நான் எழுதியது தவறு, நடந்தது இன்னது என்று, ஹேமாவும் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கொடுத்தேன். எழுத்தர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவங்களே இல்லியேமா. இதை எந்த ஃபைல்ல வெக்கறது?" என்றார். எங்கேயாவது வையுங்கள், முத்திரை போட்டு ஒரு நகல் கொடுங்கள் என்று நின்று வாங்கி வந்தேன். இரண்டு நகலும் என் கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை.

ஹேமா இப்போது சென்னையில் எம்.எஸ்ஸி. சேர்ந்திருக்கிறாள். போன மாதம் ஆடிக்கு வந்தபோது தெருக்கோயிலில் காப்புக் கட்டும் வரிசையில் நின்றோம். பூசாரியிடம் நுனியைக் குட்டையாக விடச் சொன்னேன். பின்னால் நின்ற ஓர் அம்மாள், கல்லூரிக்குப் போகும் தன் பெண்ணோடு வந்திருந்தவர், "ஏம்மா, நுனி தொங்கினா தான லட்சணம்?" என்றார். வரிசையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னேன்.

அந்தக் கிறிஸ்தவப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "வேதக்காரங்க சொன்னாங்கன்னா நம்ம சாமி கயிறை நறுக்குவீங்களா?"

என் கோப்பில் இருக்கும் வரி வேறொரு வாயிலிருந்து வந்தது. "அவங்களால தான்மா என் பொண்ணுக்குக் கை இருக்குது" என்றேன். "அவங்களை லேப்பை வுட்டே அனுப்ப வெச்சவ நான் தான்."

அவர் எங்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் தள்ளி நின்றுகொண்டார். அவர் பெண்ணுக்கு ஒரு சாண் நீளத்துக்கே தொங்கவிட்டுக் கட்டினார்கள். அவர்கள் பிராகாரம் சுற்றி வரும்வரை காத்திருந்து, அம்மாள் விளக்கேற்றப் போன நேரத்தில் அந்தப் பெண்ணிடம் போனேன். அறுக்க வேண்டாம், லேப்புக்குப் போகும்போது மட்டும் முழங்கைப் பக்கம் ஏற்றி, நுனியையும் சேர்த்து ரப்பர் போட்டுக்கொள், கோட் கையை இறக்கிவிட்டுக்கொள் என்றேன். அந்தப் பெண் அங்கேயே கயிற்றை மேலே தள்ளிப் பார்த்தாள். நின்றது. கையை மடக்கி நீட்டிப் பார்த்து, "நல்ல ஐடியாவா இருக்குதே ஆன்ட்டி, யாரு சொன்னது?" என்றாள்.

மறுபடியும் உங்கள் பெயரைச் சொன்னேன், அக்கா. அந்த வழியைக் கண்டுபிடித்து எழுதி வைத்தது நீங்கள். அதைச் செய்து பார்க்க உங்களுக்கு இன்னோர் ஆடி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்திருந்தாலும் உங்களை அந்த ஆய்வகத்து வாசலில் நிற்க முடியாமல் செய்தவள் நான்.